சனிக்கிழமை ஊர்வலத்துக்கு வெள்ளை கோட் போட்டுப் போகலாமா? டர்பன்காரர்கள் சொல்லுங்கள்

நெல்லை_டர்பன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர். வேலை விசாவில்தான் இருக்கிறேன், நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி இன்னும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பயமே அங்கேதான் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காசா போரையும் பாலஸ்தீன ஆக்கிரமிப்பையும் எதிர்த்து நகரத்துக்குள் ஊர்வலம். கிங் டினுசுலு பார்க்கில் கூடி (பழைய ஆட்கள் இன்னும் போத்தா பார்க் என்றுதான் சொல்கிறார்கள்) பிக்ஸ்லி கசேமே தெரு வழியாக சிட்டி ஹால் வரைக்கும். மூன்று நான்கு மருத்துவமனைகளிலிருந்து டாக்டர், நர்ஸ், பிசியோ, மருந்தாளுநர் என்று நாற்பது பேர் போல வெள்ளை கோட்டும் ஸ்க்ரப்ஸும் போட்டு ஒன்றாக நடக்கலாம் என்று வாட்ஸாப் குழுவில் பேசி வைத்திருந்தோம். அது எப்படியோ எங்கள் துறை மேலாளர் காதுக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சிடி அறை வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி, "நீ இங்கே வேலை பார்க்க வந்தவள், விசா புதுப்பிக்க எங்கள் கடிதம் வேண்டும் என்பதை மறந்துவிடாதே" என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. வீட்டுக்காரர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அம்மா போனில், "ஊர் விட்டு ஊர் போன இடத்தில் நமக்கு எதுக்கும்மா" என்கிறாள்.

எனக்குக் கட்சி எதுவும் கிடையாது. ஊரில் இருக்கும்போதுகூட ஒரு கொடி பிடித்ததில்லை. ஏன் போக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், போன வருடம் காசாவில் வேலை பார்த்த ஒரு டாக்டர் போட்ட எக்ஸ்ரே படம் ஒன்றை என் தோழி அனுப்பினாள். ஒரு குழந்தையின் கை. நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு, ஆனால் பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. வருடம் ஏற ஏற ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பும். மூன்று வயதில் இரண்டோ மூன்றோதான் இருக்கும், மீதி இடமெல்லாம் இருட்டு. அந்தப் படத்தில் மூன்று எண்ணினேன். மேலே வயது எழுதியிருந்ததைப் படிப்பதற்கு முன்பே எனக்கு வயது தெரிந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் மேலே, முன்கையில், எலும்பைவிடப் பளிச்சென்று ஒரு உலோகத் துண்டு.

தினமும் நான் பார்க்கிற படம்தான் அது, அந்தத் துண்டு மட்டும் இல்லாமல். அதனால்தான் சும்மா சுடிதார் போட்டுக் கூட்டத்தில் ஒருத்தியாக நடப்பது எனக்குப் போதவில்லை. காசாவின் கமால் அத்வான் மருத்துவமனை டாக்டர் ஹுசாம் அபு சஃபியா இடிபாடுகளுக்கு நடுவே வெள்ளை கோட்டோடு இஸ்ரேல் ராணுவ வண்டியை நோக்கி நடந்து போகிற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பர் 27-ஆம் தேதி பிடித்துக்கொண்டு போனார்கள், மாதக்கணக்காகியும் விடவில்லை. அந்தக் கோட்டை இங்கே நாங்கள் போட்டு நடந்தால் அது அவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

விசாவில் இருப்பவள் இப்படிப் போகலாமா? உடையால் வேலைக்கு ஆபத்து வருமா? அதைவிட, என்னிடம் வருகிற நோயாளிகளுக்கு இதனால் நான் ஏதாவது தவறு செய்கிறேனா? அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

மதுரை_மயக்கவியல்:

தங்கச்சி, நான் பிரிட்டோரியாவில் மயக்கவியல் நிபுணர், பதினான்கு வருடமாக. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, அந்த மாதிரிப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கோட் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அறுவை மேசையில் படுத்திருப்பவர் நினைவு போவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது என் முகத்தை. அவர் யூதராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், அவர் மகன் ஏதோ ஒரு நாட்டுப் படையில் இருக்கலாம். "இந்த ஆள் நம்மை எதிரியாக நினைப்பானோ" என்ற எண்ணம் அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு வந்துவிடக் கூடாது. அந்த நம்பிக்கை என் சொந்தச் சொத்து இல்லை, எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த எத்தனையோ பேர் சேர்த்து வைத்தது. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போக எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கவில்லை. தாராளமாகப் போங்கள், சாதாரண உடையில் போங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சூடானில் 2023 ஏப்ரலிலிருந்து போர் நடக்கிறது. 2025 ஜனவரியில் காங்கோவில் கோமா நகரம் விழுந்தபோது நம் தென்னாப்பிரிக்க வீரர்களே 14 பேர் செத்தார்கள். அதற்கெல்லாம் எத்தனை வெள்ளை கோட் தெருவில் இறங்கியது? ஒன்றுக்குப் போய் இன்னொன்றுக்குப் போகாவிட்டால், என் வார்டில் படுத்திருக்கும் கோமா நகரத்துப் பெண் என்ன நினைப்பாள்?

சாட்ஸ்வொர்த்_சிஸ்டர்:

கண்ணு, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். தமிழ்ப் பள்ளியில் அப்பா சொல்லிக் கொடுத்தார், அதனால் இதை எழுத முடிகிறது. மதுரைத் தம்பி சொன்னதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1985 ஆகஸ்ட் முதல் தேதி டர்பன் பக்கத்து உம்லாசியில், நிறவெறியை எதிர்த்த விக்டோரியா ம்செங்கேயை அவர் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள். அவரை எல்லாரும் வழக்கறிஞராகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவர் முதலில் நர்ஸ், மருத்துவச்சி, அப்புறம்தான் சட்டம் படித்தார். அடுத்த சில நாள் டர்பனைச் சுற்றி எல்லா இடமும் பற்றி எரிந்தது. நான் அப்போது ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இரவு ஷிஃப்ட். பள்ளிக்கூடப் பையன்கள் முதுகு நிறைய ரவையோடு வருவார்கள், போலீஸ் துப்பாக்கியில் வருகிற சின்ன ஈய உருண்டை. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் கிட்னி ட்ரேயில் போடுவோம். டிங், டிங் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று ட்ரேக்குள் பஞ்சை விரித்துவிடச் சொல்வார் எங்கள் சீனியர் சிஸ்டர், ஏனென்றால் வராந்தாவில் போலீஸ் நிற்கும், ரவை பட்டவன் யார் என்று தெரிந்தால் படுக்கையிலிருந்தே இழுத்துக்கொண்டு போவார்கள். பதிவேட்டில் "விழுந்ததால் காயம்" என்று எழுதுவோம். பொய்தான். இன்றைக்கு வரை அதற்காக எனக்கு வருத்தமில்லை.

அந்த நாளில்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. நாங்கள் வார்டுக்குள் அமைதியாக நடுநிலையாக இருந்தோம் என்று வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். வார்டுக்குள்ளேயே போலீஸ் நிற்கும்போது அமைதியாக இருப்பது நடுநிலை இல்லை.

இந்த நாட்டில் டாக்டர்கள் பேசாமல் இருந்ததற்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். 1977-இல் நிறவெறியை எதிர்த்த தலைவர் ஸ்டீவ் பிகோ போலீஸ் காவலில் தலையில் அடிபட்டுச் சங்கிலியில் கிடந்தபோது இரண்டு டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். பிறகு அவரை உடம்பில் துணிகூட இல்லாமல் லேண்ட் ரோவரில் போட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார்கள், செப்டம்பர் 12-ஆம் தேதி செத்தார். மருத்துவக் கவுன்சில் அந்த டாக்டர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. வேறு சில டாக்டர்கள் தாங்களே வழக்குப் போட்டு, 1985-இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கவுன்சில் அசைந்தது. அதே வருடம் போர்ட் எலிசபெத்தில் வெண்டி ஓர் என்று ஒரு டாக்டர், இருபதுகளில் இருந்த பெண், காவலில் இருப்பவர்களின் உடம்பில் தினமும் தான் பார்த்த தழும்புகளை எழுதி வைத்து நீதிமன்றத்துக்கே எடுத்துப்போய் போலீசுக்குத் தடை வாங்கினாள். வேலையில் சேர்ந்து அதிக நாள்கூட ஆகவில்லை அவளுக்கு.

அப்புறம் ஐவன் டாம்ஸ். ராணுவ டாக்டராக நமீபியாவுக்கு அனுப்பப்பட்டவர். அது அப்போது தென்னாப்பிரிக்கா ஆக்கிரமித்து வைத்திருந்த நாடு. திரும்பி வந்து கேப் டவுனில் கிராஸ்ரோட்ஸ் குடிசைப் பகுதியில் கிளினிக் நடத்தினார். ராணுவம் ஊருக்குள் வந்து மக்களைச் சுடுவதைப் பார்த்து, 1985-இல் படை வெளியேற வேண்டும் என்று மூன்று வாரம் உண்ணாவிரதம் இருந்தார். மறுபடி ராணுவத்துக்கு வா என்று கூப்பிட்டபோது மறுத்தார். 1988-இல் 21 மாதத் தண்டனை கொடுத்தார்கள், ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். அதற்குப் பிறகு எந்த நோயாளியும் அவரிடம் போகப் பயப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை தம்பி.

நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். எடின்பரோவில் படித்து 1936-இல் டர்பனுக்குத் திரும்பிய டாக்டர் கூனம், தமிழ்ப் பெண். 1946-இல் இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேருகிற மூலையில் கூடாரம் போட்டு மறியல் செய்து ஏறத்தாழ 2,000 பேர் சிறைக்குப் போனார்களே, அதில் அவரும் போனார், டாக்டர் மான்டி நாயக்கரும் போனார். எங்கள் ஆயா சொல்வார், கூனம் சிறையிலிருந்து வந்த பிறகு அவருடைய கிளினிக்கில் கூட்டம் அதிகமாகத்தான் ஆனது என்று.

நீ போ. கோட் போட்டே போ. காலுக்கு நல்ல ஷூ போடு, சிட்டி ஹால் வரைக்கும் நடந்து அப்புறம் பேச்சு முடியும்வரை நிற்க வேண்டியிருக்கும்.

ஃபீனிக்ஸ்_மருந்தகம்:

நானும் வருகிறேன், மனைவியும் வருகிறாள். இரண்டு கோட் அதிகமாக இருக்கிறது, எந்த மருத்துவமனைப் பெயரும் இல்லாதது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_வக்கீல்:

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன், மனசாட்சிப் பக்கம் சிஸ்டர் சொல்லிவிட்டார்கள்.

சகோதரி, நம் அரசியல் சாசனத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 19-ஆவது பிரிவு, கட்சி, தேர்தல் சம்பந்தப்பட்டது, "ஒவ்வொரு குடிமகனுக்கும்" என்று ஆரம்பிக்கிறது. 17-ஆவது பிரிவு, ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடவும் ஆர்ப்பாட்டம் செய்யவும் மறியல் செய்யவும் மனு கொடுக்கவும் உள்ள உரிமை, "எல்லாருக்கும்" என்று ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு சொல்லும் தெரியாமல் வந்து விழுந்தவை இல்லை. விசாவில் இருக்கும் நீங்களும் அந்த "எல்லாரும்"தான்.

ஊர்வலம் நடத்துகிறவர்கள் 1993-ஆம் வருடத்துக் கூட்டங்கள் சட்டப்படி ஏழு நாள் முன்னதாக மாநகராட்சிக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவாகக் கொடுத்திருப்பார்கள். 15 பேருக்கு மேல் சேர்ந்தால்தான் இந்த அறிவிப்பே தேவை. அறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் நடத்தியதைக் குற்றமாக வைத்திருந்த பிரிவைக்கூட அரசியல் சாசன நீதிமன்றம் 2018 நவம்பரில் ம்லுங்வானா வழக்கில் செல்லாது என்று சொல்லிவிட்டது. கேப் டவுனில் கழிப்பறை வசதி கேட்டு நகராட்சிக் கட்டடக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டவர்களின் வழக்கு அது. நடந்து போகிற உங்களுக்கு இதிலெல்லாம் ஒரு பயமும் இல்லை.

மருத்துவமனை ஊழியர்கள் அத்தியாவசிய சேவையில் வருவதால் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, அது வேறு. சனிக்கிழமை உங்கள் ரோஸ்டரில் இல்லை என்றால் அது உங்கள் நேரம். ஷிஃப்ட் இருந்தால் முறையாக மாற்றிக்கொண்டு, மாற்றியதை எழுத்தில் வைத்திருங்கள். நிறுவனம் கொடுத்த யூனிஃபார்ம், பெயர் பேட்ஜ், கழுத்துப் பட்டை எதுவும் வேண்டாம். அவை நிறுவனத்துடையவை, அவர்கள் பேசுவதாக அர்த்தம் வந்துவிடும். வெள்ளை கோட் யாருக்கும் சொந்தமில்லை. நோயாளி யாருடைய படமும், பெயர் மறைத்திருந்தாலும், அட்டையில் போடாதீர்கள். இதில் மருத்துவக் கவுன்சில் விட்டுக்கொடுக்காது, விட்டுக்கொடுக்கவும் கூடாது.

மேலாளர் சொன்னதைத் தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி, இன்றைக்கே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அரசியல் கருத்துக்காகவோ மனசாட்சிக்காகவோ ஒருவரை வேலையை விட்டு நீக்கினால், தொழிலாளர் உறவுச் சட்டப்படி அது தானாகவே நியாயமற்ற நீக்கம். நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் (தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) புகார் கொடுக்க வேண்டும், அந்த நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள். விசாக் கடிதத்தைத் தராமல் இழுப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971-இல் தென்னாப்பிரிக்கா நமீபியாவில் இருப்பது சட்டவிரோதம், வெளியேற வேண்டும் என்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 11-ஆம் தேதி அதே நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்க வழக்கறிஞர்கள் காசாவுக்காக எழுந்து நின்றார்கள். அதே வருடம் ஜூலை 19-ஆம் தேதி இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது. நம் டர்பன் கிளேர்வுட்டில் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, 1973-இல் ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை வாங்கிக் கொடுத்தவர், அவர் தலைமையில் ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 செப்டம்பர் 16-ஆம் தேதி காசாவில் நடப்பது இனப்படுகொலை என்று அறிக்கை கொடுத்தது. 84 வயதாகும் நேரத்தில் அந்த அம்மா தன் தொழிலை வைத்துத்தான் பேசினார், சாதாரண உடையில் இல்லை.

யாழ்_ஜோபர்க்:

இந்தத் திரியை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவதா விடுவதா என்று. நான் யாழ்ப்பாணம், ஜோபர்க்கில் கணக்காளராக வேலை. மருத்துவம் சம்பந்தப்பட்ட ஆள் இல்லை. ஆனால் வெள்ளை கோட் பற்றிக் கதைக்கிறபடியால் எழுதுகிறேன்.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி. எனக்குப் பதினொரு வயது. அன்றைக்கு இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் வந்தது. இரவு முழுக்கச் சூட்டுச் சத்தம். நோயாளிகளும் டாக்டர்மாரும் தாதிமாருமாக அறுபதுக்கு மேற்பட்ட ஆட்கள் செத்தார்கள். அடுத்த நாள் காலமை, குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், ஒளிந்திருந்த தாதிமாரைக் கூட்டிக்கொண்டு, கையை உயர்த்தியபடி, நாங்கள் டாக்டரும் தாதிமாரும் என்று சத்தம் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். சுட்டார்கள். என் சித்தி அங்கே தாதி. அந்த வாரம் அவவுக்கு இரவு முறை இல்லாதபடியால் உயிரோடு இருந்தா. அதற்குப் பிறகு அவ தன் வெள்ளை யூனிஃபோமைத் தோய்த்து வெளியே கொடியில் காயப் போட்டதே இல்லை, அறைக்குள்தான் காயும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டா.

அந்த நாட்களில் நடந்ததை எழுதி வைத்தவர்களில் ஒருவர் ராஜினி திராணகம, மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். எந்தப் பக்கம் செய்த கொலையையும் மறைக்காமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். 2009-இல் வன்னியில் கடைசி வரைக்கும் நின்று காயக்காரரின் எண்ணிக்கையை வெளியே சொன்ன டாக்டர்மாரைப் பிடித்து, ஜூலை 8-ஆம் தேதி ஐந்து பேரைப் பத்திரிகைக்காரருக்கு முன்னால் இருத்தி, தாங்கள் சொன்னது பொய் என்று சொல்ல வைத்தார்கள். டாக்டர் சொன்னால் உலகம் நம்பும் என்று தெரிந்தபடியால்தானே அதைச் செய்தார்கள்?

மதுரை அண்ணா கேட்ட கேள்வி, ஏன் இதற்குப் போய் அதற்குப் போகவில்லை என்பது. நான் கோபத்தோடு சொல்லவில்லை அண்ணா. 2009 ஏப்ரலில் இங்கே ஒரு சின்னக் கூட்டத்தில் நின்றேன், முப்பது பேர் இருந்திருப்போம், எல்லாரும் நாங்களேதான். ரோட்டால் போன ஒரு சோவெட்டோ அக்கா, வேலை முடிந்து டாக்சிக்குப் போகிறவ, தோளில் இங்கே தாதிமார் போடுகிற அந்த மெரூன் பட்டையோடு, நின்று என்ன என்று கேட்டா. ஆஸ்பத்திரிக்கு ஷெல் அடிக்கிறார்கள் என்று சொன்னேன். எங்கட ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவவுக்குத் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு அரை மணித்தியாலம் நின்றா. நீ ஏன் சிம்பாப்வே ஆட்களுக்காக நிற்கவில்லை, ஏன் இங்கே நிற்கிறாய் என்று நான் அவவைக் கேட்கவில்லை. இன்றைக்கும் அவவின் முகம் எனக்குத் தெரியும்.

அந்தக் கோமா நகரத்துப் பெண்ணுக்காக நீங்கள் ஒரு நாள் கோட்டோடு நின்றால் நான் ஜோபர்க்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து உங்களுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

மதுரை_மயக்கவியல்:

யாழ் தம்பி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்தது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த யூனிஃபார்ம் கொடி விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் என் வேலை பற்றி நான் சொன்னது மாறவில்லை, நான் கோட் போட்டுத் தெருவில் நடக்க மாட்டேன். ஆனால் நோயாளிக்கு என் மேல் பயம் வரக் கூடாது என்று சொன்னபோது, மருத்துவமனையே சுடப்படுகிற நோயாளியை நான் கணக்கில் வைக்கவில்லை, அது என் தவறு. சிறையில் இருக்கும் டாக்டர்களுக்காக நீங்கள் ஏதாவது கடிதம் எழுதுவதாக இருந்தால் என் பெயர், பட்டம், பதிவு எண் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒளிக்க வேண்டாம்.

நெல்லை_டர்பன்:

போய்விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையே எழுத நினைத்தேன், கால் வலியில் தூங்கிவிட்டேன். சிஸ்டர் ஷூ பற்றிச் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

கோட் ஃபீனிக்ஸ் அண்ணன் கொடுத்தது, தோளில் கொஞ்சம் பெரிசு. பேட்ஜ் இல்லை. நாங்கள் நாற்பது பேர் இல்லை, இருபத்தாறு பேர்தான் வந்தோம், வாட்ஸாப்பில் கை தூக்கியவர்களில் சிலர் கடைசி நேரத்தில் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, வெள்ளிக்கிழமை இரவு நானே இரண்டு தடவை போகவில்லை என்று டைப் செய்து அழித்தேன்.

வக்கீல் அண்ணன் சொன்னபடி யாருடைய எக்ஸ்ரேயையும் எடுக்கவில்லை. கறுப்பு அட்டையில் வெள்ளைச் சாக்கட்டியால் நானே வரைந்தேன், ஒரு சின்னக் கை, மணிக்கட்டில் மூன்று எலும்பு, மேலே ஒரு துண்டு. எழுத்து எதுவும் போடவில்லை. அதனாலேயே எல்லாரும் வந்து இது என்ன என்று கேட்டார்கள். பார்க்கிலிருந்து சிட்டி ஹால் போவதற்குள் முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன், எட்டு எலும்பு உண்டு, வயதுக்கு வயது வரும், மூன்று இருந்தால் மூன்று வயது என்று. ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்ற பெரியவருக்கு என் ஆங்கிலம் புரியவில்லை, பக்கத்தில் நடந்த நர்ஸ் அதை சூலுவில் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சிட்டி ஹால் படியில் ஒரு சின்னப் பெண், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தன் கையை அட்டை மேல் வைத்து அளந்து பார்த்தாள். தனக்கு எத்தனை இருக்கும் என்று கேட்டாள். ஏழு வயதாம். உனக்கு ஏழு இருக்கும், எட்டாவது இன்னும் கொஞ்ச வருடத்தில் வரும் என்றேன். அட்டையை அவளே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, முகம் கொடுத்தும் பேசவில்லை. அவர் சொன்னதை எழுதி அனுப்பி வைத்திருக்கிறேன். விசா புதுப்பிக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அதற்குள் என்ன வருகிறது என்று பார்க்கலாம். அம்மாவிடம் சொன்னேன், திட்டுவாள் என்று நினைத்தேன். "தண்ணி குடிச்சியா" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் அபு சஃபியாவையும் மற்ற மருத்துவர்களையும் விடச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம், மதுரை அண்ணனின் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். சூடானுக்கும் காங்கோவுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று பிசியோ பெண் ஒருத்தி சொன்னாள். அவளுடைய அம்மா கோமாவுக்குப் பக்கத்து ஊர், இத்தனை நாள் ஒன்றாக வேலை பார்த்தும் எனக்கு அது தெரியாது. வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அவளோடு அரை மணி நேரம் சாலையோரம் அட்டை பிடித்து நிற்கிறோம். 15 பேருக்கு மேல் போனால் அறிவிப்புக் கொடுக்க வேண்டுமே, அதனால் இதுவரை பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஒரு இடம் இருக்கிறது, யாழ் அண்ணா.